நிற்கும் வண்டியைக் கடக்கும் விதி: அதை எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சாலை விதிகளுக்கு வரைவு எழுதும் குழுவினருக்கு,

வணக்கம்.

சாலையோரத்தில் நின்றுபோன வண்டியைக் கடந்து போகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் விதி எழுதும்போது, அது பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: தடம் மாறு, முடியாவிட்டால் வேகத்தைக் குறை. அந்த வரியில் தப்பில்லை. ஆனால் எந்த வண்டிக்காக, எவ்வளவு வேகத்துக்கு, எந்த இடத்தில் தொடங்கி எதுவரை என்ற நான்கு கேள்விகளை அது விழுங்கிவிடுகிறது. பழுதான வண்டியை இழுத்துப் போகும் ரெக்கவரி வண்டி ஓட்டுகிறவர்கள், சாலையோரத்திலேயே டயர் மாற்றிக் கொடுப்பவர்கள், கோன் வைத்துப் போக்குவரத்தை ஒதுக்கிவிடுகிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். அந்த நான்கு கேள்விக்கும் விடை சாலையில் அளந்து பார்க்கக்கூடியதுதான்.

முதலில் இட அளவைப் பாருங்கள். வேகச் சாலையில் ஒரு தடத்தின் அகலம் ஏறக்குறைய 3.5 மீட்டர். லாரியின் உடம்பு 2.5 மீட்டர். தடத்தின் நடுவே ஓடினால் இரு பக்கமும் அரை மீட்டர் மிஞ்சும். பக்கக் கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அந்த அரை மீட்டரில் பாதி போய்விடும். ஆக, ஓர வெள்ளைக் கோட்டின்மேல் நிற்கிறவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருப்பது ஒரு சாண்.

இப்போது ஓரத்தில் நிற்கும் லாரிக்கு வாருங்கள். ஓரப் பகுதி 2.5 மீட்டர் அகலம் என்றால் லாரி அதை முழுக்க அடைத்துக்கொள்ளும். பஞ்சரானது போக்குவரத்துப் பக்கத்து டயராக இருந்துவிட்டால் மெக்கானிக் குந்தி உட்காரவே 70, 80 சென்டிமீட்டர் வேண்டும். பத்து நட்டு. துரு ஏறிய நட்டைத் திருப்ப ஸ்பேனரின் கைப்பிடியில் குழாயைச் செருகி, எழுந்து நின்று, முழு உடல் எடையையும் கொடுத்து மிதிக்க வேண்டியிருக்கும். நட்டு சட்டென்று இளகினால் உடம்பு ஒரு எட்டு பின்னால் போகும். பின்னால் இருப்பது வெள்ளைக் கோடு இல்லை. கோட்டைத் தாண்டிய தடம். அவர் ஏற்கெனவே தடத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார், முதுகை வண்டிகளுக்குக் காட்டிக்கொண்டு. 'ஓரத்தில் நிற்கும் வண்டி' என்று விதியில் எழுதும்போது வண்டி மட்டும்தான் ஓரத்தில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இடிக்காமல் போனாலே போதும் என்றும் நினைத்துவிட முடியாது. பெரிய வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒட்டிப் போகும்போது அதன் முகப்பு காற்றை முதலில் வெளியே தள்ளுகிறது. வண்டி நீளம் கடக்கையில் அதே காற்று உள்ளே இழுக்கிறது. ஒற்றைக் கத்தரி ஜாக்கியில் ஒரு பக்கம் தூக்கி நிறுத்திய கார் இந்தத் தள்ளலுக்கும் இழுப்புக்கும் ஆடும். ஜாக்கியின் அடித்தட்டு இளகிய மண்ணில் இருந்தால் சரியும். சக்கரம் கழற்றிய நிலையில் சரிந்தால் பிரேக் தட்டு தரையில் உட்காரும். அதன் கீழே கை இருக்கக் கூடாது.

அதனால் முதல் கோரிக்கை இடைவெளி பற்றியது. தடம் மாறுவதும் வேகம் குறைப்பதும் மட்டுமே வழி என்று எழுதாதீர்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு: தடம் மாற முடியாதவர் தன் தடத்துக்குள்ளேயே எவ்வளவு முடியுமோ அவ்வளவு மறுபக்கம் ஒதுங்க வேண்டும். பிரான்ஸ் 2018-இல் கொண்டுவந்த விதியில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. 1.8 மீட்டர் அகலக் கார் நடுவே ஓடும்போது பக்கத்தில் 85 சென்டிமீட்டர் விடும். மறுபக்கக் கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி ஒதுங்கினால் அதுவே ஒன்றே கால் மீட்டராகும். லாரிக்கு இதில் கிடைப்பது கால் மீட்டர்கூட இல்லை. ஆகவே லாரிக்கும் பேருந்துக்கும் தடத்துக்குள் ஒதுங்குவது போதாது. வேகத்தையும் கட்டாயம் குறைக்கச் சொல்லுங்கள்.

வேகத்தில்தான் விதிகள் அதிகம் சறுக்குகின்றன. உலகில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எந்தச் சாலையானாலும் இந்த எண்ணுக்கு இறங்கு என்பது. ஆஸ்திரேலியாவில் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் 25 கிலோமீட்டர், விக்டோரியா மாநிலத்தில் 40. இன்னொன்று, சாலையின் வேக வரம்பிலிருந்து இவ்வளவு கழி என்பது. அமெரிக்காவின் புளோரிடாவிலும் டெக்சாசிலும் வரம்பைவிட 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டர், குறைக்க வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா நடுவழி பிடித்தது: வரம்பு 80 அல்லது அதற்கு மேல் என்றால் 70-க்கு இறங்கு, 80-க்குக் கீழ் என்றால் 40-க்கு.

ஓரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு 25-தானே பிடிக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். கணக்குப் போட்டால் பிடிக்காது. வரம்பு 110 உள்ள சாலையில் ஒருவர் வளைவைத் தாண்டியதும் 100 மீட்டர் தூரத்தில் நிற்கும் வண்டியைப் பார்க்கிறார் என்று வையுங்கள். 110-இல் ஒரு விநாடிக்கு முப்பதரை மீட்டர் ஓடும். கண்ணில் பட்டு, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி பிடித்தால் 46 மீட்டர் போய்விட்டது. மிஞ்சிய 54 மீட்டரில் 40-க்கு இறங்க வேண்டுமானால் பிரேக்கைத் தரையோடு அழுத்த வேண்டும். அவர் அழுத்திவிடுவார். பின்னால் வரும் சுமை லாரியால் அந்த அளவுக்கு நிறுத்த முடியாது. அது காரின் பின்னால் மோதலாம். இல்லையென்றால் தப்பிக்க ஓரத்துக்குத் திருப்பும். ஓரத்தில் யார் இருக்கிறார் என்று மேலே சொல்லிவிட்டோம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2018 செப்டம்பரில் எல்லாச் சாலைக்கும் 40 என்று தொடங்கி, ஒரே ஆண்டில், 2019 செப்டம்பரில் மாற்றிக்கொண்டது. வரம்பு 80 வரை உள்ள சாலையில் 40 தொடர்ந்தது. 90 அல்லது அதற்கு மேற்பட்ட சாலையில் பாதுகாப்பான வேகத்துக்கு இறங்கி, இடைவெளி விட்டுப் போ என்றானது. மாற்றிக்கொண்டது பாராட்டுக்குரியது. ஆனால் 'பாதுகாப்பான வேகம்' என்பது ஒவ்வொருவர் மனசுக்கும் ஒவ்வொரு எண். அதனால் நாங்கள் கேட்பது இது: வரம்பு 80 வரை என்றால் 40, அதற்கு மேல் என்றால் வரம்பிலிருந்து குறைந்தது 30 கழித்து. மேலே சொன்ன அதே 100 மீட்டரில் 110-லிருந்து 80-க்கு இறங்கத் தேவைப்படும் பிரேக், 40-க்கு இறங்கத் தேவைப்படுவதில் பாதிதான். பின்னால் வருபவரும் தாக்குப்பிடிப்பார்.

குறைக்கும் 30 என்ன செய்யும் என்பதற்கும் கணக்கு உண்டு. காய்ந்த சாலையில், ஒன்றரை விநாடி சுதாரிப்பும் சேர்த்து, 100 கிலோமீட்டரில் நிற்க 95 மீட்டருக்கு மேல் வேண்டும். 70-இல் அதில் பாதிக்குச் சற்று மேல், 56 மீட்டர். கார்க்கதவு திடீரென்று திறந்தாலும், உருண்டோடிய நட்டைப் பிடிக்க ஒருவர் குனிந்தாலும் இந்த 40 மீட்டர்தான் இடையில் நிற்கிறது.

அடுத்தது, எந்த வண்டிக்கு. இதில் சட்டங்களின் வரலாறே பாடம் சொல்கிறது. அமெரிக்காவில் தென் கரோலைனா 1996-இல் இப்படி ஒரு சட்டம் போட்டது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து, 2012-இல் ஹவாயோடு ஐம்பதும் முடிந்தன. தொடக்கத்தில் பல இடங்களில் காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என்று மட்டுமே எழுதினார்கள். பிறகு ரெக்கவரி வண்டிகளைச் சேர்த்தார்கள். அதன்பின் சாலைப் பராமரிப்பு, குப்பை வண்டி என்று பட்டியல் நீண்டது. கடைசியில் புளோரிடா போன்ற இடங்கள், 2024 ஜனவரி முதல், ஹசார்ட் விளக்கு (எல்லா இண்டிகேட்டரும் ஒன்றாக மினுக்குவது) போட்டு நிற்கும் சாதாரணக் கார் வரைக்கும் வந்து சேர்ந்தன. பிரான்ஸ் 2018-இலேயே ஹசார்ட் விளக்கையும் சேர்த்துத்தான் எழுதியது.

இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் சுற்றி வந்த பாதையை நீங்கள் மறுபடி நடக்க வேண்டியதில்லை. 300 மீட்டர் தூரத்திலிருந்து பார்க்கிற ஓட்டுநருக்குத் தெரிவது ஏதோ மினுக்குகிறது என்பதுதான். சிவப்பா, நீலமா, மஞ்சளா, அது எந்தத் துறையின் வண்டி, அட்டவணையில் அதற்கு இடம் உண்டா என்று பார்த்து முடிவெடுக்க அவருக்கு நேரம் கிடையாது. பட்டியல் போடும் விதி, கடந்து போன பிறகு வழக்கறிஞருக்கு உதவும், கடக்கிறவருக்கு உதவாது. 'மினுக்கும் விளக்கோ, எச்சரிக்கை முக்கோணமோ, கோனோ, தரையில் ஆளோ தெரியும் எந்த நின்ற வண்டியும்' என்று எழுதிவிடுங்கள். ஆளைக் குறிப்பிடுவது முக்கியம். பேட்டரி செத்துப்போன வண்டியில் ஹசார்ட் எரியாது. சில கார்களில் பின் விளக்கு டிக்கிக் கதவிலேயே இருப்பதால், ஸ்டெப்னி எடுக்க டிக்கியைத் தூக்கினால் மினுக்கு வானத்தைப் பார்த்துவிடும். வண்டிக்குப் பின்னால் நின்று சாமான் எடுப்பவரின் கால்களே விளக்கை மறைத்துவிடுவதும் உண்டு.

முக்கோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கை விதி எழுதுகிறவர்களிடம் பரவலாக இருக்கிறது. பிரிட்டனின் சாலை விதிநூல் முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் குறைந்தது 45 மீட்டரில் வைக்கச் சொல்கிறது; அதிவேகச் சாலையில் வைக்கவே வேண்டாம் என்றும் சொல்கிறது. அங்கே அதை வைக்க நடந்து போவதே பெரிய ஆபத்து. 100 கிலோமீட்டரில் 45 மீட்டரைக் கடக்க 1.6 விநாடி. சுதாரிக்கவே ஒன்றரை விநாடி. ஆக, முக்கோணத்தை அதன் அருகே வந்தபின்தான் கவனிப்பவர், பிரேக்கில் கால் வைக்கும்போது நின்ற வண்டிக்கே வந்திருப்பார். அமெரிக்காவில் சரக்கு வண்டிகளுக்கான விதி, நடுவே பிரிப்பு உள்ள சாலையில் மூன்று முக்கோணத்தை 10, 100, 200 அடியில் வைக்கச் சொல்கிறது. கடைசி முக்கோணமே இரண்டு விநாடிச் சொச்சம்தான் தருகிறது. முக்கோணம் தேவைதான். ஆனால் கடக்கிறவரின் கடமை முக்கோணத்தில் தொடங்கக் கூடாது.

அப்படியானால் எங்கே தொடங்க வேண்டும்? ஒழுங்காகத் தடம் மாற நாலைந்து விநாடி பிடிக்கும். கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, பக்கத்துத் தடத்தில் இடைவெளி வருமா என்று பார்க்க இன்னொரு நாலைந்து. 100 கிலோமீட்டரில் பத்து விநாடி என்றால் 278 மீட்டர். இது எங்கள் சொந்த மதிப்பீடு மட்டும் இல்லை. சாலைப் பணிகளில் கோன் வரிசை வைத்து ஒரு தடத்தைச் சாய்வாக மூடுவதற்கு அமெரிக்கக் கையேட்டில் ஒரு சூத்திரம் உண்டு: வேகம் 70 அல்லது அதற்கு மேல் என்றால், மூடும் அகலத்தை மீட்டரிலும் வேகத்தைக் கிலோமீட்டரிலும் எடுத்துப் பெருக்கி 1.6-ஆல் வகுக்க வேண்டும். 3.5 மீட்டர் தடம், 100 கிலோமீட்டர் வேகம் என்றால் சாய்வு மட்டும் 219 மீட்டர். அதற்கு முன்னால் அறிவிப்புப் பலகைகள் வேறு. திட்டமிட்ட பணிக்கு இவ்வளவு கொடுக்கும் சாலைத்துறை, திட்டமில்லாமல் நின்ற வண்டிக்கு ஓட்டுநரின் நல்ல மனசை நம்புகிறது.

ஆகவே கடமை 'வண்டியை நெருங்கும்போது' தொடங்கக் கூடாது. 'வண்டி கண்ணில் பட்டவுடன்' தொடங்க வேண்டும். அதோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொல்வோம்: வேகச் சாலையில் 150 மீட்டருக்குள் வந்துவிட்டால் தடம் மாற முயல வேண்டாம், வேகத்தைக் குறைத்து, தடத்துக்குள் ஒதுங்கிப் போகலாம். இது பலருக்கு விசித்திரமாகப் படும். காரணம் இருக்கிறது.

கடைசி நேரத்தில் தடம் மாறுகிறவர் தனக்கு ஆபத்தில்லாமல் போய்விடுவார். அவருக்குப் பின்னால் இரண்டு விநாடி இடைவெளியில் வருபவர்தான் மாட்டுவார். முன்னால் போகும் வண்டி, அதிலும் வேனாகவோ பேருந்தாகவோ இருந்தால், எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டிருக்கும். அது சட்டென்று விலகியதும் பின்னால் வருபவரின் கண்ணாடியில் திரை விலகியதுபோல நிற்கும் வண்டி முளைக்கும். தடத்துக்குள் பாதி நீட்டிக்கொண்டு நிற்கும் வண்டி என்றால் அவருக்கு இருப்பது அந்த இரண்டு விநாடிதான். எங்கள் வேலையில் நாங்கள் அதிகம் பயப்படுவது முதல் வண்டிக்கு அல்ல, அதற்கு அடுத்ததுக்குத்தான். எனவே விதியிலும் ஓட்டுநர் பயிற்சியிலும் ஒரு வரிசை வேண்டும்: முதலில் பிரேக்கை லேசாக இரண்டு முறை தொட்டுப் பின்னால் வருபவரை எழுப்பு, பிறகு கண்ணாடி, பிறகு இண்டிகேட்டர், பிறகுதான் ஸ்டீயரிங்.

தானாக இடைவெளி வைத்து ஓடும் கார்களுக்கும் இதே இடத்தில்தான் கண் கட்டிப்போகிறது. ராடார் வைத்து ஓடும் பல அமைப்புகள், பாலம், பலகை, தடுப்பு என்று அசையாத பொருளுக்கெல்லாம் பிரேக் போடாமல் இருக்க, வேகத்தில் ஓடும்போது அசையாதவற்றைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகின்றன. நின்ற வண்டிக்கு, அதிலும் முன்வண்டி விலகியதும் தெரியும் நின்ற வண்டிக்கு, பிரேக் போடாமல் போகலாம் என்று பல கார்களின் கையேடே எச்சரிக்கிறது. படிப்பவர்கள் குறைவு. ஓரத்தில் நின்ற அவசர வண்டிகளில் ஓட்டுநர் உதவி அமைப்பு இயங்கிய கார்கள் மோதியதை வைத்து அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2021 ஆகஸ்டில் விசாரணையே தொடங்கியது. நின்ற வண்டி கண்ணில் பட்டதும் இப்படித் தானாக ஓட்டும் குரூஸை அணைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் உங்களுக்குச் செலவு ஏதும் இல்லை.

இருவழிச் சாலையில் தடம் மாற இடமே இல்லை. அங்கே நடுக்கோடு தொடர்கோடாக இருந்தால், சட்டத்துக்குப் பயந்து நின்ற வண்டியை உரசிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். எதிரே வண்டி இல்லை, தூரம் வரை பார்வை இருக்கிறது என்றால் கோட்டைத் தாண்டிக் கடக்கலாம் என்று அனுமதி கொடுங்கள். எதிரே வண்டி வந்தால், நின்ற வண்டி இருக்கும் பக்கத்தில் வருபவர்தான் நின்று வழிவிட வேண்டும். எதிர்ப்பக்கத்துக்காரருக்கும் வேகம் குறைக்கும் கடமை உண்டு, நடுவே பிரிப்பு இருந்தால் ஒழிய. விக்டோரியாவில் அப்படித்தான்.

இருசக்கர வண்டிகளைப் பற்றி வரைவுகளில் ஒரு சொல்கூட இருப்பதில்லை. நெரிசலில் அவர்கள் நின்ற வண்டியின் வெளிப்பக்கமாக, மண் ஓரத்தில் புகுந்து போகிறார்கள். வண்டியில் வந்தவர்களை இறக்கிப் போக்குவரத்துக்கு எட்டாத இடம் என்று நாங்கள் நிற்கவைப்பது அதே மண் ஓரத்தில்தான், குழந்தைகளோடு. நின்ற வண்டியை ஓரப் பக்கமாகக் கடக்கக் கூடாது என்று தனி வாக்கியமாகவே எழுதுங்கள். பாதசாரிகள் சாலையைக் கடக்கும் கோட்டருகே நின்ற வண்டியை முந்தாதே, பயணிகளை இறக்கும் பேருந்தின் முன்பக்கத்திலிருந்து ஆள் வருவார் என்று எதிர்பார் என்பதெல்லாம் ஏற்கெனவே பல சட்டங்களில் இருக்கின்றன. அவற்றை இந்த விதியோடு இணைத்தால் போதும்.

எங்கள் பக்கத்துக் கடமையையும் எழுதுங்கள். தப்பிக்கப் பார்க்கவில்லை. மினுக்கு விளக்கை வேலை முடிந்ததும் அணைக்க வேண்டும். டீ குடிக்க நிறுத்திய வண்டியிலும் மஞ்சள் விளக்கு சுழன்றால், அடுத்த முறை யாரும் மதிக்க மாட்டார்கள். இரவில் பகல் வெளிச்சத்துக்கான பிரகாசத்தில் எரியவிட்டால் அருகே நிற்கும் ஆள் தெரியவே மாட்டார். மேல்சட்டையில் ஒட்டிய பட்டை எதிரொளிப்பதை அந்த மினுக்கு விழுங்கிவிடும். எனவே இரவுக்குக் குறைந்த பிரகாசம், மெதுவான மினுக்கு. எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்படி நின்றால் முகப்பு விளக்கை அணைக்க வேண்டும். முடிந்தால் போக்குவரத்துப் பக்கம் டயர் மாற்றவே கூடாது. இழுத்துக்கொண்டு அடுத்த வெளிவழிக்குப் போவதுதான் முறை. இதை வண்டிக்காரர் ஏற்க மறுத்துச் சண்டை போடுவார். சட்டத்தில் இருந்தால் எங்களுக்கு வாதம் மிச்சம்.

கடமை முடியும் இடத்தையும் குறிப்பிடுங்கள். விபத்து நடந்த இடத்தில் முதலில் காவல் வண்டி, அதற்கு 30 மீட்டர் தள்ளி ஆம்புலன்ஸ், இன்னும் தள்ளி ரெக்கவரி வண்டி என்று வரிசையாக நிற்கும். முதல் வண்டியைத் தாண்டியதும் ஆக்சிலேட்டரை மிதிப்பவர்கள் மூன்றாவது வண்டியை முழு வேகத்தில் சந்திக்கிறார்கள். 'கடைசி வண்டியையும் கடைசி ஆளையும் கடந்து முடியும் வரை' என்ற ஆறேழு சொல் அதற்குப் போதும்.

இந்த விதியை மீறியவரைப் பிடிப்பது கடினம்தான். வேகக் கேமரா நகரும் இடத்துக்கு வராது, தடம் மாற வாய்ப்பு இருந்ததா என்பது அதில் தெரியாது. ஓரத்தில் நிற்கும் ரெக்கவரி வண்டியின் பின்பக்கக் கேமரா பதிவை, தேதி, நேரம், பதிவெண் தெரிந்தால், சாட்சியாக ஏற்க வழி செய்யுங்கள். அந்தப் பதிவில் பக்கத்துத் தடம் காலியாக இருந்ததும் தெரியும், காற்றில் கோன் சாய்வதும் தெரியும்.

வரைவின் அடுத்த பதிப்பு வெளிவரும்போது, 'நெருங்கும்போது' என்ற சொல் இருக்கும் இடத்தில் 'கண்ணில் பட்டவுடன்' என்று மாறியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம்.

இப்படிக்கு,
சாலையோரத்தில் வேலை பார்ப்பவர்கள்